இருபத்தொரு நாள் வதிவிடப் பயிற்சி

இந்தக் கதையின் தலைப்பகுதியை எனக்கு முதன்முதலில் சொன்னவள் கீழ்மாடியில் இருக்கும் பலீலா. போன வருடம் ஆடி அமாவாசையன்று, இறந்துபோன அப்பாவுக்கான விரதத்துக்குச் சந்தையெல்லாம் தேடி வாங்கிய காத்தோட்டிக்காயைக் குசினியில் வெட்டிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு இறங்கியவள் என் வாசலில் நின்று சிரித்தாள்.

“அக்கா, என்ட மகன் வேன் ஓட்டுற ஒபிஸ்ல நடக்குற கூத்தைக் கேட்டீங்களா? கொழும்புக்கு வரமாட்டேன் எண்டு கையெழுத்து வைக்கிறதுக்கு ஆக்கள் கொழும்புக்கு வரணுமாம்.”

“விசர்க்கதை கதையாதை பலீலா.”

“சத்தியமா அக்கா. ரிப்கான் செல்றான்.”

அவளுடைய மகன் ரிப்கான் பொய் சொல்லாத பிள்ளை. பிறகு விசாரித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான்.

கிராமத்துப் பிள்ளைகள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிடுகிறார்கள், இப்படியே போனால் ஊரில் கோயில் மணி அடிக்கவும் ஆள் இராது என்று மேலிடத்தில் கவலைப்பட்டிருக்கிறார்கள். நல்ல கவலை. கவலைக்கு ஒரு பணியகமும் திறந்தார்கள். ‘கிராமிய இளைஞர் தக்கவைப்புப் பணியகம்’ என்று பெயர். ‘ஊரிலேயே உயர்வோம்’ என்பது வாசகம். அதைக் கிராமத்திலேயே திறக்கலாம் என்று யாரோ ஒருவர் கூட்டத்தில் சொன்னாராம். அப்படித் திறந்தால் உத்தியோகத்தர்கள் கிராமத்துக்குப் போய் இருக்கவேண்டி வருமே என்று மற்றவர்கள் அவரைக் கவலையோடு பார்த்திருக்கிறார்கள். ஆகவே கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் திறந்தார்கள். லிப்ட் உண்டு.

பணிப்பாளர் நாகேந்திரம். தங்கமான மனிதர். கோயிலில் என்னைக் கண்டால் இரண்டு கையையும் கூப்புவார். ஊரைவிட்டு வந்து முப்பது வருடமாகிறது. ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கண் கலங்கிவிடும். போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் லீவு கிடைப்பதில்லை.

பணியகத்தில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அதில் மூன்று நிரல்கள். முதலாவது, ‘கிராமத்தில் தங்கியோர்’. இரண்டாவது, ‘நகரத்துக்கு வந்தோர்’. மூன்றாவது, ‘நகரத்திலிருந்து கிராமம் திரும்பியோர்’. மூன்றாவது நிரலில் பணியகம் திறந்த நாள் முதல் பூச்சியம்தான். கனடாவுக்குப் போனவர்களை எங்கே போடுவது என்று ஒருமுறை பிரச்சினை வந்ததாம். அவர்கள் கொழும்பில் இல்லைத்தானே என்று முதலாவது நிரலிலேயே சேர்த்துவிட்டார்கள். என்னுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த முறைப்படி இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஊரில் தங்குவேன் என்று உறுதி சொல்லும் பிள்ளைகளுக்குப் பணியகம் தொழிலுக்கு ஏதாவது ஒரு பொருள் கொடுக்கும். அதற்கு ஒரு சின்ன நிபந்தனை. பன்னிரண்டு திங்கட்கிழமை தொடர்ந்து நேரில் வந்து, ‘கடந்த வாரம் முழுவதும் நான் எனது கிராமத்தில் தங்கியிருந்தேன்’ என்று எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். எங்கே வந்து என்று நீங்கள் கேட்கக்கூடாது.

ஆரணி அப்படித்தான் வந்தாள். வடக்கே முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளை. இருபத்துநான்கு வயது. அவள் கேட்டது ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி. மின்சாரத்தில் வேலை செய்வது. ஊரில் மாதர் சங்கம் தங்கள் பழைய களஞ்சியத்தை அவளுக்குத் தரச் சம்மதித்திருந்தது. தைப்பொங்கலுக்கு முன் பெட்டி வந்துவிட்டால் களஞ்சியம் அவளுக்கு. வராவிட்டால் சீமெந்துக் கடைக்காரருக்கு.

இரண்டு கிழமை பஸ்ஸிலேயே வந்து போனாள். ஞாயிறு ஏறினால் செவ்வாய்தான் வீடு. மூன்றாம் கிழமை காலெல்லாம் வீங்கிப் பணியகத்து நீள மர வாங்கிலில் இருந்த பிள்ளையைக் கண்டு ரிப்கான் தாயிடம் சொல்ல, பலீலா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ஒங்கட மகன்ட அறை சும்மாதானே கிடக்கு.”

அறை சும்மா கிடக்கவில்லை. பிள்ளைகள் வெளியே போன நாளிலிருந்து அதில் வாடகைக்குப் போடர் வைத்துத்தான் நானும் நாளை ஓட்டுகிறேன். ஆனால் அந்த மாதம் காலி. ஆரணி வந்தாள். வந்த அன்றே சாமி அறையைக் கூட்டினாள். எனக்குப் பிடித்துவிட்டது.

“அப்ப திங்கட்கிழமை என்னெண்டு பிள்ளை எழுதுவாய்? ஊரிலை இருந்தனான் எண்டால் பொய்யெல்லோ?” என்று கேட்டேன்.

“அதுக்கு முன்னாலை ‘உள்ளத்தால்’ எண்டு ஒரு சொல்லுப் போட்டு எழுதினன் அன்ரி. பணிப்பாளர் வாசிச்சுப்போட்டுக் கண்ணைத் துடைச்சவர். அடுத்த கிழமை படிவத்திலையே அச்சடிச்சு வந்திட்டுது.”

மற்ற நாட்களில் சும்மா இருப்பாளா? பணியகத்தில் போய் வாங்கிலில் இருந்தாள். வாங்கிலில் இருப்பவளைக் கண்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். பிறகு பத்துக் கடிதம். பிறகு பெரிய புத்தகத்தையே தூக்கி அவளிடம் கொடுத்தார்கள். ‘கிராமத்தில் தங்கியிருக்கும் இளைஞர்களின் பிரதிநிதி’ என்று கழுத்தில் ஓர் அட்டையும் தொங்கியது. கொழும்பில், வாரத்துக்கு ஐந்து நாள், காலை எட்டரை முதல் மாலை நாலேகால் வரைக்கும் அவள் கிராமத்தில் தங்கியிருந்தாள்.

பன்னிரண்டாவது திங்கள் வந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

“பிள்ளை, உம்மடை கையொப்பம் பன்னிரண்டும் சரி. வடிவான கையொப்பம். இப்ப நீர் எங்கை இருக்கிறீர்?” என்று நாகேந்திரம் கேட்டிருக்கிறார்.

“வெள்ளவத்தையிலை சேர்.”

“எவ்வளவு காலமாய்?”

“பத்துக் கிழமை.”

“அப்ப நீர் கிராமத்தில் தங்கியவர் அல்ல. நகரத்துக்கு வந்தவர்.”

“இந்தக் கையொப்பம் வைக்கத்தானே சேர் வந்தனான்!”

“காரணத்துக்கு நிரல் இல்லை பிள்ளை.”

“அப்ப நான் திரும்பிப் போறன். மூண்டாவது நிரல் பூச்சியமாய்த்தானே கிடக்கு. என்னை அதிலை போட்டுப் பெட்டியைத் தாங்கோ.”

நாகேந்திரம் மூன்றாவது நிரலைத் தடவிப் பார்த்தாராம். அவருக்கும் ஆசைதான். பிறகு இல்லையென்று தலையை ஆட்டியிருக்கிறார்.

“நீர் போனால், போயிட்டீர் எண்டு பதியிறது ஆர்? அந்தப் பிரிவே நீர்தானே.”

“பேசாமல் போயிடன் பிள்ளை” என்றேன் நான்.

“வெறுங்கையோடை போனால் அன்ரி, அடுத்த கிழமை அம்மாவே என்னைக் கொழும்பு பஸ்ஸிலை ஏத்தி விடுவா.”

இத்தனைக்கும் அந்தப் பெட்டி வேறெங்கும் இல்லை. பணிப்பாளரின் அறையில், அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றது. ‘மாதிரி’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நாகேந்திரத்துக்குப் பல்லில் கூச்சம். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடவும் ஏலாது, ஆறினால் பிடிக்கவும் பிடிக்காது. கடையில் வாங்கும் ரோல்ஸையும் பற்றிஸையும் அந்தப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தால் நாள் முழுக்க ஒரே அளவான இளஞ்சூட்டில் இருக்கும். மூன்று வருடமாக அந்தப் பெட்டியில் வேறெதுவும் பொரிந்ததில்லை.

அடுத்த கிழமை கந்தசஷ்டி. நான் ஆறு நாளும் பாலும் பழமும்தான். முருகனிடம் வேறெதுவும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை பெட்டியோடு ஊர் போய்ச் சேரவேண்டும் என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் நாள் ஆரணியின் தாய் ஊர்க்கோழி முட்டை இருபதை உமிக்குள் புதைத்து, பஸ்ஸில் எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு உடைந்துவிட்டது. மிச்சம் பதினெட்டு. விரத வீட்டில் முட்டையை என்ன செய்வது? குசினிக்கு வெளியே தட்டில் வைத்தேன்.

“தாங்க அக்கா, நான் வட்டிலப்பம் செய்றேன்” என்றாள் பலீலா.

“பொறுங்கோ மாமி” என்று ஆரணி கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். “ஊருக்குக் கொண்டு போகவிடாத பெட்டி இங்கையாவது வேலை செய்யுதோ எண்டு பாப்பம்.”

விரதம் முடிந்து பாறணைக்கு மறுநாள் கூடை பணியகத்துக்குப் போனது. மேல்தட்டில் ரோல்ஸ், கீழ்த்தட்டில் முட்டை. பக்கத்தில் ஒரு கோப்பித் தட்டில் தண்ணீர். நாளுக்கு மூன்று தரம் ஆரணி ஒவ்வொன்றாகப் பிரட்டினாள். சனி ஞாயிறு ரிப்கான் போய்ப் பிரட்டினான். நாகேந்திரம் ஐந்து நாளும் கீழே குனிந்து பார்க்கவில்லை. “இண்டைக்கு ரோல்ஸிலை ஒரு ஊர் வாசம் அடிக்குது” என்று மட்டும் ஒருநாள் சந்தோசப்பட்டாராம்.

ஆறாம் நாள், முன்னறிவித்தல் இல்லாமல் கணக்காய்வுக்கு ஓர் உத்தியோகத்தர் வந்து இறங்கினார். பெயர் மர்ஸூக். மிகவும் நேர்மையானவர். அந்த வருடம் பணியகம் ‘கிராமிய இளைஞருக்கான இருபத்தொரு நாள் வதிவிடப் பயிற்சி’ ஒன்று நடத்தவேண்டும் என்று ஒதுக்கீடு வந்திருந்தது. அந்த ஒதுக்கீடு எப்படியோ பணிப்பாளரின் அறைக்குத் திரைச்சீலையாகிவிட்டது.

“வதிவிடப் பயிற்சி நடக்கவில்லையாமே?” என்று கேட்டார் மர்ஸூக்.

நாகேந்திரம் முகத்தைத் திருப்பினார். கதிரை மறைவில், பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து ஆரணி முட்டை பிரட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் கீழ்த்தட்டைக் கண்டார். மனிதருக்கு ஆபத்து வரும்போது கடவுள் ஒரு சொல்லைக் கொடுப்பார் என்பார்கள். அவருக்கும் கொடுத்தார்.

“நடக்குது” என்றார். “இண்டைக்கு ஆறாம் நாள்.”

“எத்தனை பேர்?”

“பதினெட்டு” என்றாள் ஆரணி.

“ஆண் எத்தனை, பெண் எத்தனை?”

“இன்னும் தெரியாது சேர்.”

மர்ஸூக் தலையை நிமிர்த்தினார். “எமது பணியகம் ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை” என்றார் நாகேந்திரம்.

“எல்லாரும் கிராமத்துப் பிறப்புத்தானா?”

“ஒரே வளவு சேர்” என்றாள் ஆரணி.

“சாப்பாட்டுச் செலவு?”

“ஒண்டுமில்லை. இருபத்தொரு நாளும் சாப்பிடாயினம்.”

“கதைப்பார்களா?”

“ஒரு சத்தமும் இல்லை. இருட்டிலை, சூட்டிலை, அப்படியே இருப்பினம். கடைசி நாள் தாங்களாய் வெளியிலை வருவினம்.”

மர்ஸூக்கின் பேனை நின்றுவிட்டது. “மௌனப் பயிற்சியா!” என்றார். “என்ட வைஃபும் நுகேகொடையில இப்படி ஒன்றுக்குத்தான் போறா. ஒரு கிழமை ரூமுக்குள்ள கதைக்காம இருக்கணும். எடுக்கிற பீஸைக் கேட்டா எனக்கும் கதை வராது. இங்க இருபத்தொரு நாளுமா? அதுவும் இலவசமா? அவங்களைப் பார்க்கலாமா?”

“கதவைத் திறந்தால் பயிற்சி கெட்டுப்போம்” என்றார் நாகேந்திரம். சொல்லிவிட்டு மேல்தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். மர்ஸூக் பெட்டியில் சாய்ந்துகொண்டே சாப்பிட்டார்.

“நல்ல சூடு” என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நேர்மையானவர் என்று சொன்னேனே. “பயிற்சிக்கு முன்னுக்கு இந்தப் பதினெட்டுப் பேரும் கொழும்பில தங்கின இடத்தில இருந்து வீட்டுக்காரர் கடிதம் வேணும். அது இல்லாம நான் கையெழுத்து வைக்கமாட்டேன்” என்றார்.

போடர் வைத்திருக்கும் வீட்டுக்காரர் கடிதம் கொடுப்பது வெள்ளவத்தையில் பழகிப்போன அலுவல். பொலிசுக்கு, கிராம சேவகருக்கு, வேலை இடத்துக்கு என்று எத்தனையோ எழுதியிருப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் அந்தக் கடிதம் மட்டும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஆரணி வந்து கேட்டதும் திடுக்கிட்டுப் போனேன்.

“சஷ்டி பிடிச்ச கையாலை பொய் எழுதச் சொல்லுறியோ பிள்ளை?”

“ஒரு பொய்யும் வேண்டாம் அன்ரி. உங்களுக்குத் தெரிஞ்ச உண்மையை மட்டும் எழுதுங்கோ.”

முருகனுக்கு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு எழுதினேன்.

‘இத்தால் உறுதிப்படுத்துவது யாதெனில், முத்தையன்கட்டிலிருந்து வந்த மேற்படி பதினெட்டும் எனது வீட்டில் ஐந்து நாட்கள் தங்கியிருந்தன. அமைதியான சுபாவம். சத்தம், சண்டை, வெளியாட்கள் வந்து போதல் கிடையாது. தண்ணீர், மின்சாரம் வீணாக்கவில்லை. கூட வந்த இரண்டு வழியில் விபத்தில் இறந்துபோயின. மிகுதிக்கு நல்ல எதிர்காலம் அமையப் பிரார்த்திக்கிறேன்.’

கடைசிப் பகுதியை வாசித்துவிட்டு மர்ஸூக், ‘பாவம் அந்த ரெண்டு பேரும்’ என்றாராம். பிறகு கையொப்பம் வைத்தார். அவருடைய அறிக்கை மேலே போனது. மேலிருந்து பதில் வந்தது. பயிற்சி நிறைவு விழாவுக்குச் செயலாளர் அம்மா நேரில் வருவதாக. அவவை எல்லாரும் கூப்பிடுவது ‘மடம்’ என்று; பத்மாவதி மடம் என்று சொன்னால் அரச கந்தோர்களே எழுந்து நிற்குமாம்.

இருபத்தோராம் நாள் பலீலாவும் நானும் போனோம். மூன்றாம் மாடியை அடையாளம் தெரியவில்லை. வாசலில் பனையோலை. நடுவில் மட்டையால் செய்து சுண்ணாம்பு பூசிய கிணறு. பணக்காரர் இருக்கும் கொழும்பு ஏழில் இருந்தெல்லாம் கைத்தறிச் சேலை கட்டிய பெண்கள் வந்து, கிணற்றுக்குள் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்கள். சிரட்டையில் ஒடியல் கூழ் கொடுத்தார்கள். ஒருத்தி கரண்டி கேட்டாள். சொன்னால் என்ன, நானும் கிணற்றடியில் நின்று ஒன்று எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

பெட்டி மேடையில், சிவப்புத் துணியால் மூடி இருந்தது. பயிற்சியாளர்கள் விடியவே பஸ் ஏறிவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளிப்பதாக நாகேந்திரம் பேச்சை எழுதி வைத்திருந்தார். ‘அன்பார்ந்த’ என்று தொடங்கினார். துணிக்குள்ளிருந்து கீச் என்றது. ‘பெருமதிப்புக்குரிய’ என்றார். கீச் கீச் என்றது. மடம் எழுந்து போய்த் துணியைத் தூக்கினா.

ஈரம் காய்ந்தும் காயாததுமாகப் பதின்மூன்று குஞ்சுகள்.

மண்டபத்தில் கூழ் குடிக்கும் சத்தம் நின்றது. நாகேந்திரம் மட்டைக் கிணற்றைப் பார்த்தார். உண்மைக் கிணறாக இருந்திருந்தால் குதித்திருப்பார்.

“மிஸ்டர் நாகேந்திரம், இவையோ உங்கடை பயிற்சியாளர்?”

ஆரணிதான் மேடைக்கு ஏறினாள். அவள் விரல்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியதை நான் கண்டேன்.

“ஓம் மடம். பதினெட்டுப் பேர் சேந்தவை. பதின்மூண்டு பேர் முடிச்சிட்டினம். ஐஞ்சு பேர் இடையிலை விட்டிட்டினம்.”

“இவை திரும்பி ஊருக்குப் போகினமோ?”

“இண்டைக்கே போவினம்.”

“பிறகு கொழும்புக்கு வருவினமோ?”

“ஒருநாளும் வரமாட்டினம் மடம்.”

மடம் குஞ்சுகளைப் பார்த்தா. பெரிய புத்தகத்தின் மூன்றாவது நிரலைப் பார்த்தா. மூன்று வருடப் பூச்சியம். அன்று மாலை நாலு மணிக்கு முன் மேலிடத்துக்கு ஒரு தொகை அனுப்பவேண்டும் என்று அவவின் காரியதரிசி காதில் சொன்னது எனக்கே கேட்டது.

“மடம், ஆனா இது வந்து...” என்று எழுந்தார் மர்ஸூக்.

“நீங்கள்தானே மர்ஸூக் கையொப்பம் வைச்சனீங்கள்? சுற்றறிக்கையிலை பயனாளி எண்டால் என்ன போட்டிருக்கு? வாசியுங்கோ.”

மர்ஸூக் கண்ணாடியைப் போட்டார். “கிராமியப் பின்னணி. முப்பத்தைந்து வயதுக்குக் கீழ். தொழிலற்றவர். பயிற்சியைப் பூர்த்தி செய்தவர்.” நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குஞ்சுகளையும் பார்த்தார். நேர்மையானவர். “நாலும் சரி மடம்” என்று இருந்துவிட்டார்.

“எழுதுங்கோ. பதின்மூண்டு.”

கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

கிராமம் திரும்புவோரைப் பணியக வாகனத்தில், உத்தியோகத்தர் ஒருவரின் துணையோடு அனுப்பவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இதுவரை பாவிக்காத விதி. கழுத்தில் அட்டை தொங்கிய ஆரணிதான் துணை. தங்குவிடுதியைவிட்டு அவர்களை உடனே பிரித்தால் குளிரில் செத்துவிடுவார்கள் என்று ஆரணி எழுத்தில் கொடுத்தாள். ஆகவே விடுதியும் கூடவே போகவேண்டும் என்று மடம் கட்டளை போட்டா. ரிப்கான் பெட்டியை வேனில் ஏற்றினான். நாகேந்திரம் வாசலில் நின்று, மேல்தட்டில் மறந்துபோன கடைசி இரண்டு பற்றிஸையும் எடுத்துக்கொண்டு, “குடுத்து வைச்சனீர் பிள்ளை, ஊர்த் தண்ணி குடிக்கப் போறீர்” என்று கண்ணைத் துடைத்தார்.

ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். “போயிட்டு வாறன் அன்ரி.”

“போயிட்டு வாறன் எண்டு சொல்லாதை பிள்ளை. நிரல் பிழைச்சுப் போகும்” என்றேன்.

இவ்வளவும் நடந்து இப்போது சில மாதங்கள் ஆகிறது. ஒரே நாளில் பதின்மூன்று பேரை ஊர் திருப்பிய சாதனைக்காக நாகேந்திரத்துக்குப் பதவி உயர்வு. பணியகத்துக்கு நாலாம் மாடியும் எடுத்தாயிற்று. புதிதாக நாற்பது வேலை. கிராமத்தில் தங்கியிருக்கும் இளைஞர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம், நேர்முகத் தேர்வு கொழும்பில். போன திங்கள் அந்த வரிசை பணியக ஒழுங்கையிலிருந்து காலி வீதிப் பெருந்தெரு வரைக்கும் நின்றது. மர்ஸூக்கின் மனைவி நுகேகொடையை விட்டுவிட்டு, இருபத்தொரு நாள் சூட்டறைப் பயிற்சி இங்கே எப்போது தொடங்கும் என்று கேட்டு அனுப்பியிருக்கிறாவாம்.

ஆரணி வெள்ளிக்கிழமைகளில் கதைப்பாள். பொங்கலுக்கு முன்பே களஞ்சியம் கைக்கு வந்துவிட்டது. பெட்டி இரவு பகலாக வேலை செய்கிறது. குரலில் அப்படி ஒரு சந்தோசம். போன கிழமை மட்டும் கொஞ்சம் களைத்துப்போய்க் கதைத்தாள்.

“அன்ரி, உதவிக்கு ரெண்டு பிள்ளையள் தேவை. ஊர் முழுக்கக் கேட்டிட்டன். ஒருத்தரும் இல்லை. எல்லாரும் அங்கை வெள்ளவத்தை வரிசையிலை நிக்கினம். ஆரையும் கண்டால் சொல்லிவிடுங்கோ.”

சொல்லிவிடுகிறேன் பிள்ளை என்றேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன். அவரிடம் நான் கேட்டதை அவர் தந்துவிட்டார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறை அன்றிலிருந்து காலியாகக் கிடக்கிறது. இப்போது விளக்கு வைக்கும்போது வேறொன்றைத்தான் கேட்கிறேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ.

உங்களுடைய ஊரில் யாரும் பிள்ளை கொழும்புக்கு வர இருந்தால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பெண்பிள்ளை என்றால் நல்லது. காற்றோட்டமான அறை, கடலும் கிட்ட. ஆரணி ஆள் தேடுகிறாள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கோ. அறையை வந்து பார்த்த பிறகு சொன்னால் போதும்.